ஏழு நோட்டு

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், போன்ல ஒரே ஒரு வரி மெசேஜ். "டேய், அந்த ஏழு நோட்டு என்னோடதுதானே?" அவ்ளோதான். எப்படி இருக்கன்னு இல்ல, திட்டு கூட இல்ல. திட்டிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு திட்டு திட்டிட்டு தூங்கிருப்பேன்.

விஷயம் இதுதான். எங்க நண்பர் ஒருத்தர் ஷார்ட் பிலிம் எடுத்தாரு, ஒரு பையன் வீட்டுக் கண்ணாடிக்குள்ள போய் வேற ஒரு ராஜ்யத்துல மாட்டிக்கிற கதை, 14 நிமிஷம். அதுக்கு மியூசிக் போட்டது மெசேஜ் அனுப்பின இவன்தான். பையன் கண்ணாடிய தொடும்போது பியானோல ஏழே ஏழு நோட்டு, அதாவது ஏழு சுரம், வரும், கடைசி நோட்டு இறங்கி முடியாம அப்படியே தொங்கும். பாத்தவங்களுக்கு கதை மறந்துபோச்சு, அந்த ஏழு நோட்டு மட்டும் மறக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டாவது பார்ட் எடுக்கறப்போ இவனுக்கு வேலைல மூச்சு விட நேரமில்ல, அதனால டைரக்டர் என்கிட்ட வந்தாரு. வந்தவரு போட்ட ஒரே கண்டிஷன், "அந்த கண்ணாடி தீம் மெட்டை மட்டும் விட்டுடாத". நானும் விடல. காதால கேட்டு எடுத்து, மைனருக்கு மாத்தி, பாதி ஸ்பீடுல செல்லோவுக்கு கொடுத்து, வில்லன் வர்ற இடத்துல தலைகீழா திருப்பி, மொத்தம் ஒன்பது இடத்துல வெச்சேன். டைட்டில் கார்டுல "இசை"னு போட்டு என் பேரு. அது மட்டும்தான். தப்புன்னு தோணவே இல்ல, ராத்திரி பகலா உக்காந்து வேலை பாத்தது நான்தானே.

அந்த மெசேஜுக்கு உடனே பதில் போடல. போடறதுக்கு பதிலா, மாட்டிக்கிட்டவன் எல்லாரும் பண்ற வேலைய பண்ணேன், பெரிய ஆளுங்க இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

மொதல்ல போனது ஹாரி பாட்டர் ரெண்டாவது படத்துக்கு, சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ். சின்ன வயசுல பலதடவ பாத்த படம், ஆனா இந்தத் தடவ பாத்தது படத்துக்காக இல்ல, கிரெடிட்ல ஓடற பேருங்களுக்காக. இசை ஜான் வில்லியம்ஸ். அது தெரிஞ்சதுதான். அதோட சேர்ந்து, இசையை அடாப்ட் பண்ணி (படத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி), கண்டக்ட் பண்ணது (வாத்தியக்காரங்களை நடத்தினது) வில்லியம் ராஸ்னு ஒரு வரி இருக்கு, அதை இத்தன வருஷமா நான் படிச்சதே இல்ல. 2002ல வில்லியம்ஸுக்கு ஸ்டார் வார்ஸ் அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ், மைனாரிட்டி ரிப்போர்ட், கேட்ச் மீ இஃப் யூ கேன், அப்புறம் இந்த ஹாரி பாட்டர், ஆக ஒரே வருஷத்துல நாலு படம் ரிலீஸ். மனுஷனுக்கு அப்பவே 70 வயசு. அதனால புது கேரக்டர்களுக்கான தீம்கள், அதாவது அந்த ஃபாக்ஸ் பறவை, டாபி, லாக்ஹார்ட், அப்புறம் அந்த ரகசிய அறை, இதெல்லாம் அவரு எழுதினாரு. முதல் படத்து தீம்களை இந்தப் படத்து சீன்களுக்கு ஏத்த மாதிரி நீட்டி, சுருக்கி, தச்சு, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா முன்னாடி நின்னு ரெக்கார்ட் பண்ணது ராஸ்.

காலேஜ் படிக்கறப்போ இந்தப் படத்து மியூசிக்கை "காப்பி பேஸ்ட்"னு ஓட்டின ஆளு நான். மணி மாதிரி ஒலிக்கற அதே செலஸ்டா, ஹாரி பாட்டரோட அடையாள மெட்டான அதே ஹெட்விக் தீம், துடைப்பத்துல பறந்து ஆடற குவிடிச் மேட்ச்ல கேட்டா என் காதுக்கு அந்த வருஷத்து ஸ்டார் வார்ஸ் சேஸிங் சீனு ஞாபகம் வரும். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். அப்போ நான் ஒரு சீனுக்கும் மியூசிக் போட்டதில்ல, அதனால பேசறதுக்கு தைரியம் நிறைய இருந்துச்சு.

அடாப்ட் பண்றதுன்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது என் ரெண்டாவது பார்ட்டோட கண்ணாடி சீன்ல. பையன் கண்ணாடி பக்கத்துல வர்றான், என் நண்பனோட ஏழு நோட்டு ஆரம்பிக்குது, இயல்பான வேகத்துல வாசிச்சா சீன் தொடங்கி 1 நிமிஷம் 9 செகண்டுல முடியுது. பையன் கை கண்ணாடில படறது 1 நிமிஷம் 14 செகண்டுல. நடுவுல அஞ்சு செகண்டு ஓட்டை. வேகத்தை குறைச்சா தாலாட்டு மாதிரி ஆயிடுது. ரெண்டு தடவ வாசிச்சா ரிங்டோன் மாதிரி இருக்கு. லேட்டா ஆரம்பிக்கலாம்னு பாத்தா பையன் திரும்பிப் பாக்கற ஷாட்ல பாதி நோட்டு வந்து விழுது, பயத்துக்கு பதிலா சிரிப்பு வருது. கடைசில என்ன பண்ணேன்னா, அந்தத் தொங்கற ஏழாவது நோட்டை அப்படியே பிடிச்சு நிறுத்தி, அதுக்கு அடியில ரொம்ப கீழ ஒரு டிரோன், அதாவது விடாம இழுக்கற ஒத்தைச் சுரம் மட்டும் மெல்ல அரை சுரம் ஏற விட்டேன், கை பட்டதும் கட். கேக்கறவனுக்கு அங்க எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. அந்த அஞ்சு செகண்டுக்கு எனக்கு ரெண்டு நாள் போச்சு. ராஸ் இந்த மாதிரி ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல ஓடற படத்துல, அதுவும் உலகமே மனப்பாடமா வெச்சிருக்கற தீம்ல பண்ணிருக்காரு. அந்த ஒட்டு தெரியலங்கறதுதான் அவரோட வேலை, தெரியாததாலதான் நான் காப்பி பேஸ்ட்னு சொன்னேன். நல்ல தையல்காரனுக்கு கெடைக்கற மரியாதை.

இன்னொன்னு, அவரு ஒண்ணும் யாரோ அசிஸ்டெண்ட் பையன் இல்ல. தனியா படங்களுக்கு இசையமைச்சவரு, ஆலன் சில்வெஸ்ட்ரிங்கிற இசையமைப்பாளருக்கு ஆர்கெஸ்ட்ரேட் பண்ணவரு (எந்த வாத்தியம் எதை வாசிக்கணும்னு பிரிச்சு எழுதறது), ஆஸ்கர் விழா மேடைல ஆர்கெஸ்ட்ராவையே நடத்தினவரு. 2015ல ஸ்டார் வார்ஸ் ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் ரெக்கார்டிங்ல நிறைய செஷன் கண்டக்ட் பண்ணது இவருதான், டைட்டில் மியூசிக்குக்கும் எண்ட் கிரெடிட் மியூசிக்குக்கும் மட்டும் பிரபல கண்டக்டர் குஸ்தாவோ டூடமெல் வந்து போனாரு. நியூஸ்ல யாரு பேரு பெருசா வந்திருக்கும்னு நான் சொல்லணுமா என்ன.

சரி, வில்லியம்ஸ் தீமை அடுத்தவர் கைல எடுத்தது இது மொத தடவ இல்ல. சூப்பர்மேன் ரெண்டாம் பாகம், 1980. கென் தோர்ன்ங்கிறவரு, வில்லியம்ஸ் முதல் பாகத்துக்கு எழுதின மெட்டுகளை வெச்சு அந்தப் படத்தோட இசைய அமைச்சாரு, மூணாவது பாகமும் அவரேதான். இவரும் சாதாரண ஆளு கிடையாது, ஆஸ்கர் வாங்கினவரு. அந்த ஆஸ்கரே எதுக்குன்னா, அடுத்தவர் பாட்டுகளை படத்துக்கு ஏத்த மாதிரி அமைச்சதுக்கு. அப்போ அதுக்குன்னு தனியா ஒரு பிரிவு இருந்துச்சு, அடாப்டேஷன்னு பேரு போட்டே கொடுத்தாங்க. அந்தக் கதவை அப்புறம் சாத்திட்டாங்க, இப்போ பின்னணி இசைக்கு ஒரிஜினல் ஸ்கோர்னு ஒண்ணுதான், ஒரிஜினலா இல்லியாங்கறதுதான் கேள்வி. அந்த ஒரு வார்த்தைதான் சீக்குவலுக்கு, அதாவது அடுத்த பாகத்துக்கு, வர்ற இசையமைப்பாளரை பாடாப் படுத்துது.

சூப்பர்மேன் நாலாவது பாகம் அலெக்சாண்டர் கரேஜ் கைக்கு வந்துச்சு. இவரு கதைய நான் சொல்லியே ஆகணும், தலைப்புக்கு கொஞ்சம் வெளில போனாலும் பரவால்ல. ஸ்டார் ட்ரெக் டிவி சீரியலோட தீம் மியூசிக் எழுதினது இவருதான். வார்த்தையே இல்லாத தீம். சீரியலை உருவாக்கின ஜீன் ராடன்பெர்ரி அதுக்கு பாட்டு வரிகள் எழுதினாரு. சீரியல்ல ஒரு தடவ கூட யாரும் அதைப் பாடல, பாட வைக்கற எண்ணமும் இல்ல. ஆனா வரி எழுதினவருக்கு பாதி ராயல்டி, கான்ட்ராக்ட்ல அப்படி ஒரு வழி இருந்துச்சு. ஆக அந்த மெட்டு ஒவ்வொரு தடவ ஒளிபரப்பாகும்போதும் பாதிக் காசு, யாரும் கேக்காத வரிகளுக்குப் போச்சு. சட்டப்படி எல்லாம் சரி. அதுதான் எரிச்சலே.

இந்த ராயல்டி விஷயம் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா கிரெடிட்னா நாம ஸ்கிரீன்ல பாக்கற பேருன்னுதான் நெனப்போம். உண்மையான கிரெடிட் ஸ்கிரீன்ல இல்ல, கியூ ஷீட்ல இருக்கு. படத்துல வர்ற ஒவ்வொரு துண்டு மியூசிக்கும் ஒரு கியூ. எந்த கியூ, எத்தன நிமிஷம் எத்தன செகண்டு, எழுதினது யாரு, யாருக்கு எத்தன சதவீதம், இசை உரிமைய கையாளற பப்ளிஷர் யாரு, இதெல்லாம் போட்ட ஒரு பட்டியல். படம் டிவில வரும்போது, வேற நாட்டு தியேட்டர்கள்ல ஓடும்போது, ஆஸ்காப், பிஎம்ஐ, பிஆர்எஸ் மாதிரி இசைக் காசு வசூலிக்கற அமைப்புகள் இந்த ஷீட்டைப் பாத்துதான் பணம் பிரிக்கும். அமெரிக்க தியேட்டர்கள்ல ஓடினா மட்டும் இசையமைப்பாளருக்கு இந்தக் காசு கெடையாது, 1948ல வந்த ஒரு கோர்ட் தீர்ப்பு அப்படி. தீம் பொதுவா ஸ்டுடியோவுக்கு சொந்தம், அதனால அடுத்த பாகத்துக்கு வர்றவரு எழுதினவர்கிட்ட பர்மிஷன் கேக்கத் தேவையில்ல. ஆனா எழுத்தாளர் பங்குன்னு ஒண்ணு, மெட்டு எழுதினவர் பேர்ல நிக்கும். ஹெட்விக் தீம் எட்டாவது பாகத்துல வந்தாலும் வில்லியம்ஸ் பேரு போட்டுத்தான் ஆகணும். ஆர்கெஸ்ட்ரேட் பண்றவங்களுக்கு பொதுவா பக்கத்துக்கு இவ்ளோன்னு கூலி, அதோட சரி. யாரோ எழுதின நாலு வரி ஸ்கெட்சை எண்பது தொண்ணூறு பேரு வாசிக்கற ஸ்கோரா விரிக்கறது அவங்கதான், ஆனா கியூ ஷீட்ல அவங்க பேருக்கு இடமில்ல.

இப்போ என் ஷார்ட் பிலிமுக்கு ஏது கியூ ஷீட். அந்த டைட்டில் கார்டுதான் எல்லாமே. அதுலதான் நான் கோட்டை விட்டேன்.

இந்தக் கியூ ஷீட்ல நேர்மையா இருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2008க்கு போகணும். பேட்மேன் படம் டார்க் நைட், அதுவும் ரெண்டாவது பாகம்தான். இசை ஹான்ஸ் ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும். கியூ ஷீட்ல அவங்க ரெண்டு பேரோட சேத்து இன்னும் மூணு பேரு, மியூசிக் எடிட்டர், ஆம்பியண்ட் மியூசிக் டிசைனர், இன்னொரு இசையமைப்பாளர், மொத்தம் அஞ்சு பேரு. காசுல இவங்களுக்கும் ஒரு பங்கு போகட்டும்னு பேரைச் சேத்தாங்க. ஆஸ்கர் அகாடமி பாத்துச்சு, அஞ்சு பேரு எழுதினதான்னு கேட்டு தகுதி இல்லன்னுடுச்சு. அப்புறம் முறையிட்டு அந்த முடிவை மாத்த வெச்சாங்க, ஆனாலும் நாமினேஷன் வரல. இதுல இருந்து மத்தவங்க என்ன பாடம் கத்துப்பாங்க? கூட வேலை பாத்தவன் பேரை எழுதாதன்னுதானே.

ஸிம்மர்னு சொன்னதும் பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் பத்தி பேசாம இருக்க முடியாது, இந்த விஷயத்துக்கு அதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 2003ல முதல் படம். ஆலன் சில்வெஸ்ட்ரி பண்ண வேண்டியது, நடுவுல விலகிட்டாரு. நாள் ரொம்ப கம்மி. ஸிம்மர் அப்போ லாஸ்ட் சாமுராய்ல மாட்டிருந்தாரு, அதனால கிளவுஸ் படெல்ட்ங்கிறவரு பேர்ல இசை, ஆனா முக்கியமான தீம்கள் பலதுல ஸிம்மரோட கை இருக்கு. அதுக்கும் மேல கூடுதல் இசைன்னு ஒரு பட்டாளமே உக்காந்து ஆளுக்கு கொஞ்சம்னு எழுதித் தள்ளினாங்க. அதுல ரமின் ஜவாடி இருக்காரு, பின்னாடி கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு இசை போட்டாரே, அவரே. ஸ்டீவ் ஜப்லான்ஸ்கி இருக்காரு, டிரான்ஸ்பார்மர்ஸ். ஸிம்மருக்கு அந்தப் படத்துல கெடைச்ச கிரெடிட் என்ன தெரியுமா, ஸ்கோரை ஓவர்ப்ரொட்யூஸ் பண்ணவர்னு. நெஜமாவே அப்படித்தான் போட்டாங்க. ஓவரா பண்ணிட்டேன்னு தானே ஒத்துக்கற மாதிரி ஒரு கார்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அதுல ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கு.

அடுத்த பாகம் 2006, இசை ஹான்ஸ் ஸிம்மர், முடிஞ்சுது. முதல் படத்துல படெல்ட் பேர்ல வந்த அதே துள்ளல் தீம் இங்க ஸிம்மர் பேர்ல கம்பீரமா நடந்து வருது. படத்தை மாத்தி மாத்திப் பாக்கறவனுக்கு குழப்பமா இருக்கும், அந்தக் கப்பல் மெட்டோட அப்பா யாருன்னு இன்னிக்கும் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. என்னைக் கேட்டா இதுல ரொம்ப அழகான விஷயம் ஜெஃப் ஸனெல்லி. 2003ல அந்தப் பட்டாளத்துல ஒருத்தரு, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு பாகத்துலயும் கூடுதல் இசைல அவரு பேரு பொடி எழுத்துல ஓடிட்டே இருந்துச்சு, 2017ல வந்த அஞ்சாவது பாகத்துலதான் இசைன்னு அவரு பேரு மட்டும் தனியா வந்துச்சு. 14 வருஷம். அதைப் படிச்சப்போ எனக்கு ஒரு கேள்வி, அன்னிக்கு அவரு உக்காந்து எழுதினது யாரோட பாணி? ஸிம்மரோட பாணியா, இல்ல ஸிம்மர் பாணின்னு நாம நெனச்சதுல ஒரு பங்கு இவருதானா? சொல்லப் போனா எனக்கே இப்போ என் ரெண்டாவது பார்ட்டைக் கேட்டா அவனோட சாயல்தான் வருது, நான் எழுதின புது மெட்டுல கூட கடைசி நோட்டு இறங்காம தொங்குது. நான் வேணும்னு பண்ணல.

இன்னொரு பக்கம் ஹோவர்ட் ஷோர். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூணு படமும் அவரே எழுதி, அவரே ஆர்கெஸ்ட்ரேட் பண்ணி, அவரே கண்டக்ட் பண்ணாரு, சீக்குவல்னா இப்படில்ல இருக்கணும்னு சொல்ல வைக்கற வேலை. ஆனா அதுலயும் பாருங்க, மூணாவது படத்துல பிப்பின்ங்கிற கேரக்டர், ராஜா இல்லாத நாட்டை அவர் இடத்துல ஆளற டெனதர் சாப்பிடும்போது பாடற பாட்டு இருக்கே, நடுங்கற குரல்ல, அந்தப் பக்கம் வீரர்கள் சாகப் போறாங்க, அந்த மெட்டு போட்டது நடிகர் பில்லி பாய்டே. கடைசில முடிசூட்டும்போது ராஜாவா ஆகற அராகார்ன் பாடறது, அந்த வேஷம் போட்ட விகோ மார்ட்டென்சனோட மெட்டு. ஒத்த ஆளு வேலைன்னு நாம கொண்டாடறதுல கூட இப்படி ஜன்னல் ஜன்னலா இருக்கு. அதுக்கு முந்தின கதையான ஹாபிட்டுக்கு வந்தா இன்னும் விசேஷம். 2012ல முதல் படத்துல குள்ளர்கள் ராத்திரி நெருப்பைச் சுத்தி நின்னு பாடற மிஸ்டி மவுண்டன்ஸ் பாட்டு, அது ஷோரோடது இல்ல, பிளான் 9ங்கிற குழுவும் டேவிட் லாங்ங்கிறவரும் சேர்ந்து போட்டது. படம் முழுக்க அந்த மெட்டுதான் குள்ளர்களோட தீமா ஓடுது, வெளில வரும்போது எல்லாரும் முனகினது அதைத்தான். அடுத்த ரெண்டு பாகத்துல அந்த மெட்டு இல்ல. காணோம். காரணம் என்னவா இருந்தாலும், ஒரு ரசிகனா எனக்கு கல்யாண வீட்ல மாப்ளைய காணோம்ங்கற மாதிரிதான் இருந்துச்சு. அதே ரெண்டு பாகத்துல ஆர்கெஸ்ட்ரேஷனும் கண்டக்டிங்கும் கான்ராட் போப் பக்கம் போச்சு, அவரு வில்லியம்ஸோட ஹாரி பாட்டர்ல ஆர்கெஸ்ட்ரேட் பண்ணவரு. இந்த உலகம் ரொம்ப சின்னது, அதே பத்துப் பதினஞ்சு பேருதான் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் சுமந்துட்டு திரியறாங்க.

ஆஸ்கர் விதி பத்தி சொன்னேன்ல, அதுல கொடுமை என்னன்னா பழைய தீமை வெச்சா ஒரிஜினல் இல்ல, வெக்கலன்னா ரசிகன் விடமாட்டான். காட்பாதர் முதல் பாகத்துக்கு நினோ ரோட்டாவுக்கு நாமினேஷன் கொடுத்துட்டு, அந்த மெட்டை அவரே 1958ல ஃபோர்ச்சுனெல்லாங்கிற படத்துக்கு போட்டிருக்காருன்னு தெரிஞ்சதும் பிடுங்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1974ல ரெண்டாவது பாகம், அதே மெட்டு அதுலயும் வருது, அதுக்கு ஆஸ்கர் கொடுத்தாங்க, ரோட்டாவுக்கும் கார்மைன் கொப்போலாவுக்கும். கணக்கு புரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல முதல் படமும் மூணாவது படமும் ஜெயிச்சுது, நடுவுல இருக்கறதுக்கு நாமினேஷனே இல்ல. 2020ல அகாடமி நம்பரே போட்டுட்டாங்க, சீக்குவல்னா 80 சதவீதம் புது இசை இருக்கணும்னு. அதுக்கு அப்புறம் டூன் ரெண்டாம் பாகம் வந்துச்சு, முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்கின அதே ஸிம்மர், போட்டிக்கே தகுதி இல்லன்னுட்டாங்க, முதல் பாகத்து இசை அதிகமா இருக்குன்னு. அட, அது ஒரே கதைய ரெண்டா வெட்டின படம்யா, ரெண்டாவது பாதில முதல் பாதியோட மெட்டை திரும்பக் கொண்டு வராம வேற என்ன பண்ணுவாங்க? புதுசா ஒரு மெட்டு எழுதறதை விட பழைய மெட்டுக்கு புது அர்த்தம் கொடுக்கறது கஷ்டம், அந்த அஞ்சு செகண்டுக்கு அப்புறம் நான் இதை யார்கிட்ட வேணும்னாலும் சண்டை போட்டு சொல்லுவேன்.

ஹாரி பாட்டரை முடிச்சிடறேன். வில்லியம்ஸ் மூணாவதோட நிறுத்திட்டாரு. நாலாவது பேட்ரிக் டாயில், அஞ்சும் ஆறும் நிக்கோலஸ் ஹூப்பர், ஏழாவது புக்கை ரெண்டா உடைச்ச படம் ரெண்டும் அலெக்ஸாண்டர் டெஸ்பிளா. ஒவ்வொருத்தரும் ஹெட்விக் தீமை எடுக்கற விதமே வேற, டாயில் அதை ரொம்ப அளந்துதான் உள்ள விட்டாரு, அந்தப் படத்துல எனக்கு அது ஒரு குறையாவே தெரியல, பையன் வளந்துட்டான், பழைய சட்டை பத்தல. டெஸ்பிளா கடைசிப் படத்தை ஹெட்விக் தீம்ல தொடங்கல, ஹாரியோட அம்மா லில்லிக்குன்னு ஒரு மெட்டு, ஒத்தைக் குரல், பாடினது மாய் ஃபுஜிசாவா, ஜப்பான் இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷியோட பொண்ணு. அவ்ளோ தைரியமா தன் மெட்டுல ஆரம்பிச்சவரோட படம், கடைசி சீன்ல, 19 வருஷம் கழிச்சு ஸ்டேஷன்ல ஹாரி தன் பையனை ரயில் ஏத்தும்போது எந்த மியூசிக்ல முடியுது தெரியுமா? வில்லியம்ஸ் முதல் படத்துக்கு எழுதின லீவிங் ஹாக்வார்ட்ஸ். பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. எட்டுப் படத்துல நாலு இசையமைப்பாளர்களைத் தாண்டி, வீட்டுச் சாவி திரும்ப முதல் ஆள் கைக்கே வந்த மாதிரி. நான் தியேட்டர்ல அழுதேன், யாரு மெட்டுன்னு தெரிஞ்சு இல்ல. டெஸ்பிளாவுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும்னு இப்போதான் யோசிக்கறேன், ரெண்டு படம் உசுரைக் கொடுத்து எழுதிட்டு கடைசி பந்தை வேற ஒருத்தர் அடிக்கறதைப் பாத்துட்டு நிக்கணும்.

இதெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு நாள் ஆயிடுச்சு. அதுக்கு மேல இழுத்தா அவமானம்னு போன் பண்ணேன். மன்னிப்பு கேக்கறதுக்கு ஒரு பெரிய வசனமே ரெடி பண்ணி வெச்சிருந்தேன், அதுல வில்லியம்ஸ் ராஸ் எல்லாரும் இருந்தாங்க. பாதில நிறுத்திட்டான்.

"அதெல்லாம் விடுடா, இப்போ என்னன்னு போடப் போற?"

"இசை உன் பேரு, அடாப்ட் பண்ணது நான்னு போட்டுடறேன்."

"லூசு, நான் ஏழு நோட்டுதான்டா போட்டேன். உன் ரெண்டாவது பார்ட்ல பதினேழு நிமிஷம் மியூசிக் ஓடுது."

"அப்போ கூடுதல் இசைன்னு..."

"கூடுதலா? ஒன்பது இடத்துல வருது, எண்ணிப் பாத்தேன். அது எப்படிடா கூடுதல் ஆகும்?"

அரை மணி நேரம் இப்படியே போச்சு. மூல இசைன்னா ஏதோ புராணப் படம் மாதிரி இருக்குன்னான். நன்றின்னு போட்டா செருப்பால அடிப்பேன்னான். கடைசில "கண்ணாடி தீம்"னு தனி வரி, அதுல அவன் பேரு, அடுத்த வரில "இசை"னு என் பேரு, ரெண்டும் ஒரே கார்டுல, ஒரே சைஸ் எழுத்துலன்னு முடிவாச்சு. எழுத்து சைஸ் அவன் கேட்டதில்ல, நானா சொன்னது, பெருமைக்கு சொல்லல, கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான். அந்த ஒரு கார்டுக்காக முழு வீடியோவையும் திரும்ப ரெண்டர் பண்ணி ஏத்தணும்னு டைரக்டர்கிட்ட சொன்னப்போ அவரு விட்ட பெருமூச்சு இருக்கே.

போனை வெக்கற நேரத்துல கேட்டான், "ஏன்டா, அவன் கண்ணாடில கை வெக்கறதுக்கு முன்னாடி கீழ ஏதோ ஒண்ணு மெதுவா ஏறுதே, அது எங்கருந்து எடுத்த?"

"அது என்னோடதுடா."

"தெரியுது. நான்னா அங்க சைலன்ஸ் விட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் பேச்சில்ல. "உன்னோடது பரவால்ல."

இப்போ மூணாவது பார்ட் எழுதிட்டு இருக்காராம் டைரக்டர். அவனுக்கு தனியா போன் பண்ணி நீதான் மியூசிக்னு சொல்லிருக்காரு. எனக்கும் சொல்லிருக்காரு.